இடது கன்னத்துச் சிவப்பு

வலது கன்னம் ஆறிவிட்டது. இடது கன்னம் மட்டும் ஆறவில்லை.

அண்ணி தன் நாத்தனாரை ஜன்னலோரம் உட்கார வைத்து, முகவாயைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கன்னமும் ஒரே நாளில் ஒரே கையால் தேய்க்கப்பட்டுச் சிவந்தவை. இரண்டுக்கும் அதே களிம்பு, அதே தண்ணீர், அதே மெல்லிய பருத்தித் துண்டு. வலது பக்கம் செதில் உதிர்ந்து, சிவப்பு வடிந்து, பழைய நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது. இடது பக்கமோ காதோரத்திலிருந்து வாயோரம் வரை இன்னும் செக்கச்செவேலென்று கிடந்தது. மாலையில் கொஞ்சம் தணியும். விடிந்தால் மறுபடி ஏறியிருக்கும்.

"எரியுதா?"

"சிரிச்சா எரியுது அண்ணி. அதனால உங்க வீட்டுக்காரர் ஜோக் சொல்றப்ப எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல."

அண்ணியால் சிரிக்க முடியவில்லை. பிடித்திருந்த முகவாயை விட்டுவிட்டு ஜன்னல் திரையைச் சரிசெய்தாள். கடைத்தெரு முனையில் இரண்டு நாற்காலி போட்ட அழகு நிலையம் அவளுடையது. முடிக்கு ஒரு நாற்காலி. அதைச் சுருட்டை என்று எல்லாரும் கூப்பிடும் கூட்டாளி பார்த்துக்கொள்வாள். முகத்துக்கு ஒரு நாற்காலி. அது அண்ணியின் இடம். எத்தனையோ முகங்களை அவள் கைகள் பார்த்திருக்கின்றன. பாதி ஆறி, பாதி ஆறாமல் அடம்பிடிக்கும் முகத்தை அவள் பார்த்ததே இல்லை.

அந்த முகம் அவசரமாகத் தேவைப்பட்டது. நாத்தனார், தொலைக்காட்சியில் வேறொருவர் செய்தி வாசிக்கும்போது திரையின் கீழ் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நின்று, காது கேளாதவர்களுக்காகச் சைகை மொழியில் சொல்பவள். அதனாலேயே அவளுடைய அண்ணன் அவளை வீட்டில் 'டீவி' என்று கூப்பிடுவான்.

சைகை மொழி என்றால் கை வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கை சொல்வது பாதிதான். மீதிப் பாதியை முகம் சொல்லவேண்டும். 'அவர் வந்தார்' என்று கை சொல்லும்போது புருவம் சும்மா இருந்தால் அது தகவல். புருவம் மேலே ஏறினால் அதுவே 'அவர் வந்தாரா' என்ற கேள்வி. 'மழை' என்று விரல்கள் இறங்கும்போது கன்னம் உப்பினால் அது கொட்டும் மழை. உதடு குவிந்து கன்னம் ஒட்டினால் அது தூறல். பேச்சில் நாம் குரலை ஏற்றி இறக்கிச் சொல்வதையெல்லாம் அங்கே கன்னமும் புருவமும் வாயோரமும் சொல்கின்றன.

சிவந்து இறுகிப்போன தோலால் உப்ப முடியாது. முகம் புண்ணான புதிதில் ஒரு சாயங்காலம் பல்லைக் கடித்துக்கொண்டு நாத்தனார் வேலைக்குப் போனாள். ஆற்றோரத்து ஊர்களுக்கு வெள்ள எச்சரிக்கை வந்த நாள் அது. கை ஒழுங்காகத்தான் சொன்னது. கன்னம் உப்பவில்லை. மறுநாள் பேக்கரியில் வேலை செய்யும் அவளுடைய காது கேளாத தோழி வீடியோவில் கூப்பிட்டு, 'நேத்து நீ சொன்னது தூறல்' என்று சைகையில் சொன்னாள். 'எங்க தெருவுல யாரும் சாமானை மேல ஏத்தல. நல்லவேளை, தண்ணி வரல.'

அதற்குப் பிறகு தொலைக்காட்சி நிலையத்துப் பொறுப்பாளர் அந்தக் கட்டத்துக்கு வேறொரு பெண்ணைப் போட்டார். "முகம் சரியாகட்டும், வா. மாசக் கடைசியில கேமரா முன்னால நிக்க வச்சுப் பாக்கறேன். மேக்கப் போடக் கூடாதுன்னு உங்க டாக்டர் சொல்லியிருக்காங்கன்னா, மேக்கப் இல்லாமலே நிக்கணும். அப்பவும் சரியில்லன்னா அந்தப் பொண்ணையே வச்சுக்க வேண்டியதுதான்," என்றார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. பதிலாக வந்த பெண்ணும் நன்றாகவே செய்தாள். அதுதான் நாத்தனாருக்குப் பயமாக இருந்தது.

அண்ணியை வேறொன்று அரித்தது.

நாத்தனாருக்கு முக்கியச் செய்தி நேரம் கிடைத்த வாரம், கடை பூட்டியிருந்த ஒரு மத்தியானம், அவள் துள்ளிக்கொண்டு வந்து அண்ணியின் நாற்காலியில் சாய்ந்தாள். "நல்லா ஒரு தடவ தேய்ச்சு விடுங்க அண்ணி. பளபளன்னு இருக்கணும். லைட்டே தேவையில்லன்னு அவங்க சொல்லணும்." கண் மேல் ஈரப் பஞ்சு வைத்தாயிற்று. கதை பேசிக்கொண்டே அண்ணி முதலில் ஸ்க்ரப் என்று சொல்லும் குருணைக் களிம்பு போட்டுத் தேய்த்தாள். தோல் நன்றாக வழுவழுத்தது. சரி, நம்ம வீட்டுப் பெண்தானே, இன்னும் ஒரு படி போவோம் என்று அதன் மேலேயே, தோல் உரிக்கும் அமிலத்தையும் பூசினாள்.

அந்த நாற்காலியில் யார் வந்து சாய்ந்தாலும் அண்ணி முதலில் ஒரு கேள்வி கேட்பாள்: வீட்டில் ராத்திரி முகத்துக்கு என்ன போடுகிறீர்கள்? தெருவில் போகிற முகம் தெரியாதவர்களிடம் கேட்பாள். வருஷக்கணக்காக வருகிறவர்களிடமும் கேட்பாள். சொந்த நாத்தனாரிடம் கேட்கவில்லை. ஒரே குளியலறையைப் பயன்படுத்துகிறவளிடம் என்ன கேட்பது என்று தோன்றியிருக்கலாம். கேட்டிருந்தால், நாத்தனார் ஏற்கெனவே ஒவ்வொரு ராத்திரியும் தன் அறையில் ஒரு அமிலக் குப்பியைத் திறந்து பஞ்சில் நனைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தது தெரிந்திருக்கும்.

"கொஞ்சம் சுள்ளுன்னு இருக்கு அண்ணி."

"அப்பத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பேசாம படு."

இந்தப் பதில்தான் அண்ணிக்குப் பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. விரலுக்கு அடியில் அந்தத் தோல் சூடானதுகூட அவளுக்குத் தெரியும். சூடு என்ன சொல்கிறது என்பதும் அவள் தொழிலுக்குத் தெரியும்.

தோலின் மேல் அடுக்கு செத்த செல்களால் ஆனது. செத்தது என்றால் வேண்டாதது என்று நினைத்துவிடக் கூடாது. கூரை ஓடுகளுக்கும் உயிர் கிடையாது. அவை இல்லாவிட்டால் வீடு நனையும். இந்தச் செல்கள் ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி இருக்கின்றன. இடுக்குகளில் கொழுப்பு, சாந்து பூசியதுபோல் நிரம்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் வெளியே இருக்கும் கண்டது கடியது உள்ளே வராமலும் காப்பது இந்த ஓடும் சாந்தும்தான். மேலாக, தானே விழக் காத்திருக்கும் ஓடுகளை எடுத்துவிட்டால் முகம் தெளிகிறது. அதற்குக் கீழே பிடித்துக்கொண்டிருப்பவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டால் தெளிவு ஒரு நாளைக்குத்தான். அதன் பிறகு வெறும் தண்ணீர் பட்டால்கூட எரியும். உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் ஆபத்து என்று விரிந்துகொள்ளும். நாம் பார்க்கும் சிவப்பு அதுதான். நாத்தனாரின் முகத்தில் ராத்திரிக் குப்பி ஒரு வரிசை எடுத்திருந்தது. குருணை இன்னொரு வரிசை எடுத்தது. அமிலம் மிச்சத்தை எடுத்தது.

தோல் மருத்துவர் ஒரு விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "என்ன போட்டீங்க?"

நாத்தனார் குப்பியின் பெயரைச் சொன்னாள். டாக்டர் உச்சுக் கொட்டினார். "இது தினம் போடற சமாசாரம் இல்லம்மா. வேற ஏதாவது? பார்லர்ல?"

துணைக்குப் போயிருந்த அண்ணி முந்திக்கொண்டாள். "லேசா ஒரு கிளீனிங்தான் டாக்டர்."

கண்ணில் பஞ்சு வைத்துப் படுத்திருந்த நாத்தனாருக்குத் தன் முகத்தில் என்னென்ன ஏறியது என்று தெரியாது. அண்ணி சொன்னதை அப்படியே நம்பினாள். வீட்டுக்கு வந்ததும் குப்பியைக் குப்பைக் கூடையில் வீசினாள். "எல்லாம் என் புத்திக் கோளாறு அண்ணி. பளபளப்புக்கு ஆசைப்பட்டேன் இல்ல, நல்லா வேணும் எனக்கு. நீங்க பாவம், லீவு நாள்ல எனக்காக வந்து கஷ்டப்பட்டீங்க."

அண்ணி தலையாட்டினாள். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டாள். தலையாட்டியதை மட்டும் திரும்ப எடுக்க முடியவில்லை.

சொல்லாத வாய்க்குப் பதிலாக அன்றிலிருந்து அவள் கை வேலை செய்ய ஆரம்பித்தது. நாத்தனாரை அடுப்புப் பக்கம் விடவில்லை. ஆவி பட்டால் சிவக்கும். அவள் அறை ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டாள். முகம் கழுவும் தண்ணீரைக் கை வைத்துப் பார்த்து, சூடும் இல்லாமல் சில்லென்றும் இல்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள். டாக்டர் எழுதிக்கொடுத்த வாசனையில்லாத களிம்பைத் தானே வாங்கி வந்தாள். முகத்தில் படுவதெல்லாம் சுத்தமாக இருக்கவேண்டும் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லியிருந்தார். அண்ணி அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். காலையில் நாத்தனார் குளிக்கப் போனதும் அவள் தலையணை உறையை உருவிவிட்டு, துவைத்து வைத்த உறையை மாட்டிவிடுவாள். உருவியதைப் பின்பக்கத்துக் குழாயடியில் தானே துவைத்து, கொடியில் மற்ற துணிகளுக்குப் பின்னால் மறைவாகக் காயப்போடுவாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாத்தனார் நன்றி சொல்வாள். அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

இவ்வளவுக்கும் வலது கன்னம் கேட்டது. இடது கன்னம் கேட்கவில்லை.

அவள் கணவன், அதாவது நாத்தனாரின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். தேநீர்க் கோப்பையோடு வந்து தங்கையின் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தான்.

"ஏய் டீவி, ஒரு பக்கம் கலர்ல வருது, ஒரு பக்கம் பழைய படம் மாதிரி இருக்கே."

"ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சா பண்ணு. இல்லன்னா நகரு."

"தெரியும். கேளு. லிஃப்ட் எல்லா மாடியிலயும் ஒழுங்கா நின்னு ஒரே ஒரு மாடியில மட்டும் மக்கர் பண்ணுதுன்னா மோட்டார்ல கோளாறு இல்ல. மோட்டாரைக் கழட்டறவன் முட்டாள். அந்த மாடியில மட்டும் என்ன இருக்குன்னு பாக்கணும். உன் இடது பக்கம் மட்டும் என்ன படுது?"

அண்ணிக்கு இது நியாயமாகப் பட்டது. மூன்று பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். தொலைபேசியா? நாத்தனார் காதில் வைத்துப் பேசுவதே அபூர்வம். அவளுடைய நண்பர்களோடு பேசக் கண்தான் வேண்டும், காது வேண்டாம். வெயிலா? வெளியே போவதில்லை. முடி உரசுகிறதா? பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தாள். கன்னத்தில் கை ஊன்றும் பழக்கமா? அதற்கு வலது கை.

"படுக்கறது எந்தப் பக்கம்?" என்றான் அண்ணன்.

"இடது பக்கம்தான். வலது பக்கம் படுத்தா தோள் வலிக்கும். நாள் முழுக்க வலது கையத் தூக்கித் தூக்கித்தானே பேசறேன்."

"அப்ப தலையணை."

"தலையணையா இருக்கவே முடியாது," என்றாள் அண்ணி.

"ஏன்?"

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சுத்தமாத்தான் இருக்கு. நான் பாத்தேன்."

அவள் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டிலேயே அதைவிடச் சுத்தமான பொருள் இருக்க வழியில்லை. அவளே அல்லவா தினமும் சுத்தம் செய்தாள். அவள் சொன்ன வேகத்தைப் பார்த்துக் கணவன் தோளைக் குலுக்கிவிட்டு எழுந்துபோனான். பேச்சு அங்கேயே முடிந்தது.

வாரக் கடைசியில் நாத்தனார் பேக்கரித் தோழியின் வீட்டுக்குப் போய் இரண்டு ராத்திரி தங்கினாள். திரும்பி வந்தபோது வாசலிலேயே அண்ணி பார்த்துவிட்டாள். இடது கன்னத்துச் சிவப்பு வெளிறி, ஓரங்கள் மங்கியிருந்தன. நாத்தனாரே கண்ணாடி முன் நின்று கன்னத்தை மெல்ல உப்பிப் பார்த்தாள். முழுதாக வரவில்லை, ஆனால் வந்தது.

வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாள். பழையபடி சிவந்திருந்தது.

அன்று காலை அவள் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "அண்ணி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"மாசக் கடைசி வரைக்கும் அவ வீட்டுலயே இருக்கட்டுமா? நீங்க எனக்காகப் படாத பாடு படறீங்க, தெரியும். ஆனா இந்த வீட்டுல ஏதோ ஒண்ணு எனக்கு ஒத்துக்கல. என்னன்னு தெரியல. அங்க இருந்தா ஆறுது."

"உன் இஷ்டம்மா," என்றாள் அண்ணி. பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. இந்த வீட்டில் ஒத்துக்கொள்ளாதது எது என்று அவளைக் கேட்டால், தன்னைத்தான் சொல்லியிருப்பாள். டாக்டரிடம் பூசி மெழுகிய வாயையும், தலையாட்டிய தலையையும் வைத்துக்கொண்டு, பகலெல்லாம் இந்தப் பெண்ணைச் சுற்றிச் சுற்றி வருகிறோமே, அந்தக் கை பட்டால் எப்படி ஆறும் என்று நினைத்தாள். அது தோலுக்குப் பொருந்தாத நியாயம். தோலுக்குப் பாவ புண்ணியம் தெரியாது, படுவது மட்டும்தான் தெரியும். குற்றவுணர்ச்சியில் இருப்பவர்களுக்கு இது மறந்துபோகும்.

கடைக்குப் போனாள். பின்கட்டில் சுருட்டை குனிந்து துண்டுகளை அலசிக்கொண்டிருந்தாள். அழகு நிலையத்துத் துண்டு ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் போவது. வெறும் சோப்பு போதாது. அதனால் நீல நிறக் கேனில் வரும் கிருமிநாசினியைச் சுடுதண்ணீரில் ஊற்றி, துண்டுகளை ஊறவைத்து, பிறகு துணி துவைக்கும் இயந்திரத்தில் போடுவார்கள். இயந்திரம் திரும்பத் திரும்பத் தண்ணீர் மாற்றி அலசித் தள்ளும்.

"மெஷின் நின்னு போச்சுக்கா. வர்றேன்னவன் இன்னும் வரல," என்றாள் சுருட்டை. "நானே கையில அலசறேன். இந்தக் கொடுமையப் பாருங்க."

கையுறையைக் கழற்றிக் காட்டினாள். கையுறை முடியும் இடத்தில், தண்ணீர் உள்ளே இறங்கி நின்ற மணிக்கட்டில், வளையல் போட்டதுபோல ஒரு சிவப்பு.

"எவ்வளவு அலசினாலும் நுரை நின்ன பாடில்ல. துணி அப்படிக் குடிச்சு வச்சிருக்கு. மெஷினுக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்கு பாருங்க, நாமதான் அத மதிக்கவே இல்ல."

அண்ணி அந்த மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

"என்னக்கா, எனக்கு நாடி பாக்கறீங்களா?"

"நீ எத்தன தடவ அலசின?"

"எண்ணல. கை ஓயற வரைக்கும்."

அண்ணி எண்ணத் தேவையில்லை. தலையணை உறையை அவள் ஒரே ஒரு தடவைதான் அலசினாள். நாத்தனார் குளித்துவிட்டு வருவதற்குள் முடிக்கவேண்டும். குழாய் சத்தம் கேட்டு யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. சுத்தம் என்றதும் அவள் கைக்குத் தெரிந்த சுத்தம் கடைச் சுத்தம். முதல் நாளே நீலக் கேனிலிருந்து ஒரு சின்னப் புட்டியில் ஊற்றி வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டாள். முகத்துத் துண்டுக்கு என்ன செய்வோமோ அதையே முகம் படும் உறைக்கும் செய்தாள். இயந்திரம் செய்யும் மிச்ச வேலையை மறந்துவிட்டாள்.

சுருட்டையிடம் கடையை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தாள். கொடியில் மறைவாகக் காய்ந்துகொண்டிருந்த உறையை உருவி, ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் பிடித்து, அதில் முக்கிப் பிசைந்தாள். காய்ந்த துணிதான், சோப்பு போடாத தண்ணீர்தான். ஆனால் விரல் வழுக்கியது. கிண்ணத்தின் ஓரத்தில் நுரை கட்டியது. முகர்ந்து பார்த்தாள். அவள் கடையின் பின்கட்டு வாசனை.

இப்போது எல்லாம் வரிசையாகப் புரிந்தது. காய்ந்த துணியில் ஒட்டியிருப்பது சும்மா இருக்கும். ராத்திரி கன்னத்தில் களிம்பு இருக்கிறது, வியர்வை இருக்கிறது. அந்த ஈரத்தில் கிருமிநாசினி கரைந்து, ஓடும் சாந்தும் இல்லாத தோலில் ராத்திரி முழுக்க அழுத்திக்கொண்டு கிடக்கிறது. அதனால்தான் காலையில் அதிகம், மாலையில் குறைவு. வலது கன்னம் காற்றைப் பார்த்துக்கொண்டு தூங்கியது, அதனால் ஆறியது. தோழி வீட்டுத் தலையணைக்கு இப்படி ஒரு கரிசனம் கிடைக்கவில்லை. அதனால் அங்கே ஆறியது. நல்ல தோலாக இருந்திருந்தால் இதையெல்லாம் கண்டுகொண்டே இருக்காது.

உள்ளே நாத்தனார் ஒரு பையில் துணி எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமலே சரிசெய்துவிடலாம் என்று அண்ணிக்குத் தோன்றாமல் இல்லை. உறையை நன்றாக அலசி மாட்டிவிட்டால் கன்னம் ஆறும். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் சொல்லாமல் செய்ததால்தானே இவ்வளவும். தலையணை என்று அவள் கணவன் சரியான கதவைத் தட்டியபோது உள்ளே நின்று அதைச் சாத்தியவள் அவள்தான். கிண்ணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் வைத்தாள்.

"இது என்ன அண்ணி?"

"உன் தலையணை உறை. தினமும் நான்தான் துவைச்சு மாத்தினேன். கடை மருந்துல. சரியா அலசல. உன் இடது கன்னத்துல இருக்கறது இதுதான்."

நாத்தனார் கிண்ணத்தில் விரலை விட்டாள். நுரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கன்னத்தைத் தொட்டாள். "நீங்க துவைக்கறது எனக்குத் தெரியவே தெரியாதே. ஏன் சொல்லல? நல்லதுதானே பண்ணீங்க, தெரியாம நடந்துபோச்சு."

"இரு. இன்னும் இருக்கு." அண்ணி உட்காரவில்லை. "அன்னிக்குக் கடையில நான் போட்டது லேசான கிளீனிங் இல்ல. குருணை போட்டுத் தேய்ச்சேன். அதுக்கு மேலயே அமிலமும் போட்டேன். எல்லார்கிட்டயும் கேக்கற கேள்விய உன்கிட்டக் கேக்கல. சுள்ளுன்னு இருக்குன்னு நீ சொன்ன. நான் துடைச்சு எடுக்கல. அப்புறம் டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன். நீ உன் குப்பியாலதான்னு உன்னையே திட்டிக்கிட்ட. நான் தலையாட்டினேன்."

நாத்தனார் கிண்ணத்தைத் தள்ளிவைத்தாள். பிறகு கைகள் எழுந்தன. இரண்டு மூன்று சைகைகள், வேகமாக, கூர்மையாக. அண்ணிக்குச் சைகை மொழி தெரியாது.

"என்ன சொன்ன?"

"வாயால சொன்னா மரியாதையா இருக்காது."

"சொல்லு. திட்டு."

"உங்களுக்குப் புரியற மாதிரித் திட்டினா உங்களுக்கு நிம்மதியாயிடும். எதுக்கு?" அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன் அண்ணி. நானே என் வேலையக் கெடுத்துக்கிட்டேன்னு. அந்தப் பொண்ணுக்குக் கட்டம் போனா, அது என் முட்டாள்தனத்துக்குக் கிடைச்ச தண்டனைன்னு. குப்பி என்னோடதுதான், அது என் தப்புதான். ஆனா பாதித் தப்ப நான் முழுசாத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. வெதுவெதுன்னு தண்ணி கொண்டுவந்து குடுத்தீங்க."

"ஆமா."

"அதுதான் எனக்கு ஆறல."

 அண்ணி தொலைபேசியை எடுத்து, நாத்தனார் கேட்கும்படி, தோல் மருத்துவரைக் கூப்பிட்டாள். குருணை, அமிலம், எவ்வளவு நேரம் விட்டாள், பிறகு நீலக் கேன், ஒரே அலசல், எல்லாவற்றையும் பூசி மெழுகாமல் சொன்னாள். டாக்டர் இடையில் ஒருமுறை பெருமூச்சு விட்டது கேட்டது.

"முதல்லயே சொல்லியிருந்தா இன்னும் ஜாஸ்தி நாள் ஓய்வு குடுக்கச் சொல்லியிருப்பேன்," என்றார். "பரவால்ல. புது மருந்து எதுவும் வேணாம். தோல் தானா மூடிக்கும். அதுக்குத் தெரியாததா. நீங்க நடுவுல போகாம இருந்தாப் போதும். முக்கியமா அந்தக் கேன்."

நாத்தனார் பையை மூடினாள். "நான் கிளம்பறேன். உங்க மேல கோவம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. திரும்பி வந்தப்புறம் என் உறைய நானே துவைச்சுக்கறேன். நீங்க தொடக் கூடாது."

"சரி."

"தண்ணி மட்டும் நீங்க எடுத்து வைக்கலாம். அந்தச் சூடு எனக்கு வரமாட்டேங்குது."

மாதக் கடைசியில் அவள் பவுடர்கூட இல்லாமல் கேமரா முன் நின்றாள். பொறுப்பாளர் ஏதேதோ செய்திகளைக் கொடுத்துச் சொல்லச் சொன்னார். கன்னம் உப்பவேண்டிய இடத்தில் உப்பியது. இடது பக்கம் வெளிர் ரோஜாவாகக் கொஞ்சம் தெரிந்தது என்றும், விளக்கைச் சற்றுத் தள்ளிவைத்ததும் அதுவும் தெரியவில்லை என்றும் அவர் சொன்னார். கட்டம் அவளுக்கே திரும்பியது. அண்ணியோடு பழைய கலகலப்பு அவ்வளவு சீக்கிரம் திரும்பவில்லை.

கன்னத்தை ஆற்றியது இவ்வளவுதான். குருணை, அமிலம், வாசனைப் பொருள், மேக்கப் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தினார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் முகத்தை நனைத்து, தேய்க்காமல் துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத அந்த ஒரே களிம்பைப் பூசி, வெயிலில் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். தலையணை உறையை வாசனையில்லாத சோப்பில் துவைத்து, பிசைந்தால் தண்ணீரில் நுரை வராத வரைக்கும் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்தார்கள். அதற்கு மேல் யாரும் எதுவும் செய்யவில்லை.